வயது வந்த பிள்ளைக்குக் கொடுப்பது கடமையா, அன்பளிப்பா, கடனா?



நம் கடைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கல்லாவிலிருந்து பத்து வெள்ளி வெளியே போனாலும் அது எதற்காகப் போயிற்று என்று எழுதி வைக்கிறோம். சரக்குக்கா, வாடகைக்கா, சிப்பந்தியின் சம்பளமா, ஸதக்காவா, கைமாற்றா என்று பெயர் வைக்காமல் எந்தத் தொகையையும் விடுவதில்லை. பெயர் வைக்காத தொகை ஐந்தொகை எடுக்கும் நாளில் தகராறாக வந்து நிற்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் நம் ஆயுளில் நாம் கொடுக்கும் மிகப் பெரிய தொகைக்கு, அதாவது வயது வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு, நம்மில் அநேகர் பெயர் வைப்பதே இல்லை. அது கடமையா, அன்பளிப்பா, கடனா? இந்தக் கேள்வி சென்ற வருஷம் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டும் படித்தவன். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. யோசித்ததைச் சொல்கிறேன், பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துங்கள்.

என் மகன் தேசிய சேவையை முடித்து வந்தான். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். நாலு வருஷக் கட்டணம் முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டோம். மத்திய சேமநிதியில் கல்விக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். 1955இல் முதுமைக்காகத் தொடங்கிய அந்த நிதியிலிருந்து, 1989 முதல் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் பணம் எடுக்க வழி செய்திருக்கிறார்கள். நான் பிறர் கடையில் சம்பளத்துக்கு நின்ற காலத்தில் என் பெயரில் சேர்ந்த தொகையைக் கட்டணத்துக்குத் தரலாம். ஆனால் ஒரு நிபந்தனை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து, பிள்ளை அந்தப் பணத்தைத் தவணை தவணையாக, அதிகபட்சம் 12 வருஷத்துக்குள், வட்டியோடு தகப்பனுடைய கணக்கிலேயே ரொக்கமாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் மகன் எனக்கே கடனாளியா? அதுவும் வட்டியோடா? நம் வீட்டில் இது என்ன பேச்சு?" என்று சத்தம் போட்டேன். வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். அதை ஒதுக்கி வைக்கிறேன். என் கோபம் சட்டத்தைப் பற்றியதல்ல. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே கணக்குப் புத்தகம் வருவதா என்ற ரோஷம்தான்.

மகன் எதிர்த்துப் பேசவில்லை. "வாப்பா, இந்தத் தாளாவது இது கடன் என்று தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் கையில் கொடுத்தால் அது என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. ஏனென்றால் அது என் வாப்பாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி.

என் வாப்பா 1960களில் ரஜூலா கப்பலில் இங்கே வந்து, தேக்காவில் பிறர் கடையில் நின்று பாடுபட்டவர். எங்களுடையது கீழக்கரைப் பக்கம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளைக்குக் கிடைப்பது கப்பல் டிக்கெட்டும் யாராவது ஓர் உறவினர் கடையில் நிற்க ஓர் இடமும்தான். அந்தப்படி என் ராத்தாவுக்கு வீடு. எனக்குப் பதினேழாவது வயதில் சிராங்கூன் சாலையில் மாமா கடை. நானும் சம்பாதித்து இருபது வருஷம் ஊருக்கு அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். ஆனால் வாப்பா நாலு பேர் முன்னால், "இவனைக் கரையேற்ற நான் பட்ட பாடு" என்று தொடங்கும்போதெல்லாம் என் மனம் சுருங்கும். அனுப்பிய பணம் கடன் அடைத்ததா, கடமையா, பாசமா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அவர் மவுத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லிடம் தருவானாக. அவர் பேரில் குறை சொல்லவில்லை. அவரும் தம் வாப்பாவிடம் கேட்காத கேள்விதான் அது.

இனி மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்போம். நாம் வாழ்வது பல ஜாதியார் கலந்த ஊர். கடைக்கு வரும் கூட்டமே ஒரு பள்ளிக்கூடம்.

ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அதே பெரிய வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு வைத்து, பண்டம் பாத்திரமும் செலவுக்கு ஓர் அளவும் கொடுத்து, "இனி உங்கள் குடும்பக் கணக்கு உங்களுடையது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரே கூரை, வேறு வேறு கணக்கு. கொடுப்பது இவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். பணத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் பாசத்தையும் பணத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

கண்டஹார் ஸ்திரீட்டில் பாடாங் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன மினாங்கபாவ் மக்கள் நம் மார்க்கத்தார். சுமத்ராவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் குடும்ப வீடும் நிலமும் பெண்வழியாகவே இறங்கும். ஆண்பிள்ளை வயது வந்ததும் 'மெரந்தாவ்' என்று ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சம்பாதித்து மனிதனாக வேண்டும். நம் கடலோர ஊர்களுக்கும் அவர்களுக்கும் எத்தனை ஒற்றுமை பாருங்கள். மகனுக்குச் சொத்தைக் கொடுக்காமல் வழியைக் காட்டிவிடுவது இரு கூட்டத்தாரின் ஏற்பாடும்.

பக்கத்துக் கடைச் சீனர் வீட்டில், பிள்ளை முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து தாய் தகப்பனுக்கு மாதப்படி கொடுக்கத் தொடங்கிவிடுகிறான். பெற்றோருக்கு அந்தப் பணம் தேவையா இல்லையா என்பது இரண்டாவது பேச்சு, கொடுப்பதே மரியாதை. சில பெற்றோர் அதைத் தொடாமல் சேர்த்து வைத்து, அவன் வீடு வாங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வரிசை நிற்கும் தமிழ்நாட்டுத் தம்பிமார்களைப் பாருங்கள். அவர்களில் பலருக்குத் தகப்பன் செய்த உதவி, நிலத்தையோ நகையையோ அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய பணம். அதை மீட்கும்வரை அந்தப் பிள்ளையின் சம்பளம் அவனுடையதல்ல. மீட்டபின் தங்கையின் கல்யாணம் காத்திருக்கிறது.

ஐரோப்பாக்காரர்களைப் பற்றி நாம் ஒரே வார்த்தையில் பேசிவிடுகிறோம்: "பதினெட்டு வயதானால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள், பாசமில்லாதவர்கள்." அது சரியான பேச்சல்ல. ஸ்வீடனில் பெற்றோரின் சட்டக் கடமை 18 வயதோடு முடிகிறது. பள்ளிப் படிப்பு முடியாதிருந்தால் 21 வரை நீளும். அதற்குமேல் படிக்கிறவனுக்கு அரசாங்கமே உதவித் தொகையும் கடனும் தருகிறது. அதைத் தரும்போது பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அதற்குத் தெற்கே இருக்கும் ஜெர்மனியில், பிள்ளை முதல் தொழிற்கல்வியோ பட்டமோ முடிக்கும்வரை செலவு கொடுப்பது பெற்றோர் மீது சட்டப்படி கடமை. கொடுக்க வசதியிருந்தும் மறுத்தால் பிள்ளை நீதிமன்றம் போகலாம். 1971 முதல் இருக்கும் மாணவர் உதவித் திட்டத்திலும் அங்கே பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே கண்டத்து நாடுகள்தான். ஆகவே 'வெள்ளைக்காரர் வழக்கம்' என்று ஒன்று கிடையாது.

நம் சிங்கப்பூர் எடுத்த வழி இவை எல்லாவற்றுக்கும் நடுவிலானது. 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 60 வயதைக் கடந்து, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதற்குரிய மன்றத்தில் முறையிடலாம். மறுபக்கம், பிள்ளைக்கான பராமரிப்பு ஆணை பொதுவாக 21 வயதுவரை. பிள்ளை படித்துக்கொண்டிருந்தாலோ, தேசிய சேவையில் இருந்தாலோ, உடற்குறை உள்ளவனாக இருந்தாலோ அதற்கு மேலும் நீளலாம். பெற்றோருடன் சேர்ந்து குடியிருக்க மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 2018 முதல் 30,000 வெள்ளியும், நாலு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளியும் மானியம் தருகிறார்கள். இங்கே அரசாங்கம் குடும்பத்தின் இடத்தில் தான் உட்காராமல், குடும்பம் பிரியாமல் இருக்கத் தூண் கொடுக்கிறது. என் மகனைக் கடனாளியாக்குகிறது என்று நான் கோபப்பட்ட அந்தத் திட்டமும் அப்படித்தான். தகப்பனின் முதுமைக்கான பணத்தைப் பிள்ளையின் படிப்பு தின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். வட்டி என்று எழுதியிருப்பதும், எடுக்காமல் இருந்திருந்தால் என் கணக்கில் சேர்ந்திருக்கும் தொகைதான்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. வழக்கங்கள் வேறுபடுவது பாசத்தின் அளவால் அல்ல. முதுமையை யார் சுமப்பது என்பதால்தான். முதுமையை அரசாங்கம் சுமக்கும் நாட்டில் தகப்பன் பிள்ளையைச் சீக்கிரம் விட்டுவிட முடிகிறது. தன் கட்டிலைப் பற்றிய பயம் அவனுக்கில்லை. நம்மைப் போன்றவர்களுக்குப் பிள்ளைதான் ஓய்வூதியம். ஆகவே கொடுக்கிறோம், கொடுக்கும்போதே திரும்பி வரும் என்று மனத்துக்குள் குறித்தும் கொள்கிறோம். அந்தக் குறிப்பை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். குற்றம் கொடுப்பதிலும் இல்லை, எதிர்பார்ப்பதிலும் இல்லை. மறைவாகக் கடன் என்று எழுதிவிட்டு, வெளியே அன்பளிப்பு என்று சொல்வதில்தான் இருக்கிறது. வியாபாரத்தில் ஒருவன் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்தால் அவனுக்கு நாம் என்ன பெயர் சொல்வோம்?

நம் மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது? நான் உஸ்தாதிடம் ஓதியவரையில் சொல்கிறேன். உழைக்கச் சக்தியுள்ள, வயது வந்த மகனுக்குச் செலவு கொடுப்பது தகப்பன் மீது கட்டாயமில்லை. நோயாலோ ஊனத்தாலோ உழைக்க முடியாத ஏழைப் பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் அந்தக் கடமை நீங்குவதில்லை. ஆகவே திடகாத்திரமான பிள்ளைக்கு நாம் கொடுப்பது ஒன்று அன்பளிப்பு, அல்லது கடன்.

அன்பளிப்பு என்றால் அதற்கு நீதி உண்டு. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்புச் செய்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். நம் ஷாபிஈ மத்ஹபில், உயிரோடிருக்கும்போது கொடுப்பதில் ஆண் பெண் பாராமல் சமமாகக் கொடுப்பதே விரும்பத்தக்கது. வாரிசுப் பங்கின் கணக்கு மவுத்துக்குப் பிறகுதான். கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவது தர்மத்தைப் பாழாக்கும் என்றும் திருமறை எச்சரிக்கிறது.

கடன் என்றால் எழுத வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அநாதைப் பிள்ளைக்கு அதன் சொந்தச் சொத்தை ஒப்படைப்பதற்கே, வயது வந்தால் மட்டும் போதாது, பணத்தைக் கையாளும் பக்குவம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, சாட்சி வைத்து ஒப்படைக்க வேண்டும் என்று நிஸா அத்தியாயம் சொல்கிறது. பல நாட்டுச் சட்டங்கள் 18, 21 என்று வயதைக் குறிக்கின்றன. திருமறையோ பக்குவத்தையும் பார்க்கச் சொல்கிறது. நம்மிலோ முப்பது வயதிலும் மகனைச் சோதிக்காமல் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறவரும் உண்டு. நாற்பது வயதிலும் கல்லாவைத் தொட விடாதவரும் உண்டு.

ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மறுத்தார். "தம்பி, பெற்ற பிள்ளையிடம் இது அன்பளிப்பு, இது கடன் என்று பேசத் தொடங்கினால் வீடு கடையாகிவிடும். தாய் கொடுத்த பாலுக்கு என்ன கணக்கு எழுதுவாய்?" என்றார். நியாயமான கேள்வி. பாலுக்குக் கணக்கில்லை, எழுதினாலும் அடைபடாது. ஆனால் பாலை யாரும் சொல்லிக்காட்டிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை வருவதெல்லாம் பணத்தில்தான். தகப்பன் மவுத்தான பிறகு, "கடைக்கு முதல் போட்டது உனக்குக் கொடுத்ததா, கடனாகத் தந்ததா?" என்று அண்ணன் தம்பிகள் பேசாமல் போன குடும்பங்கள் நமக்குத் தெரியாதா? இன்னொன்றும் இருக்கிறது. எழுதி வைத்த கடனை ஒருநாள், "போகட்டும் மகனே, விட்டுவிட்டேன்" என்று மன்னிக்க முடியும். எழுதாத கடனை மன்னிக்கவும் முடியாது. அது என்னவென்று யாருக்கும் தெரியாதே. சாகும்வரை குத்திக்கொண்டேதான் இருக்கும்.

இதையெல்லாம் யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளியில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, அன்றிரவு மனைவியையும் மகனையும் மகளையும் உட்கார வைத்தேன். மச்சானையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தேன். அடுத்த கடையை எடுத்து விஸ்தரிக்கலாம் என்று பல வருஷமாகச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. அதிலிருந்து மகனின் கட்டணத்தைக் கட்டுகிறேன். இது அன்பளிப்பு, திரும்பக் கேட்க மாட்டேன், நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டவும் மாட்டேன் என்றேன். இதே அளவு தொகை மகள் பெயரில் தனியாக இருக்கும். இதற்குமேல் கல்யாணச் செலவோ, வியாபார முதலோ, வீட்டுக்கு முன்பணமோ எது கேட்டாலும் அது வட்டியில்லாத கர்ளு ஹஸன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, தவணை சொல்லித்தான் வாங்க வேண்டும். எங்கள் முதுமைக்கு என்று தனியே ஒரு தொகை இருக்கிறது. அதை யாரும் கேட்கக் கூடாது. இந்த நாலும் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த கடை வேறொருவருக்குப் போயிற்று. அதைக் கடந்து போகும்போது மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

எல்லாம் சுலபமாக முடிந்ததாக நினைக்காதீர்கள். ஊரில் மகளுக்கென்று வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தோம். "வாப்பா, நான் பிறந்தது இங்கே; அந்த வீட்டைப் பூட்டி வைத்து என்ன செய்வேன்? தாதிமைப் படிப்புக்கு உதவுங்கள்" என்றாள் மகள். என் மனைவிக்கு அது இன்னும் சம்மதமில்லை. "பெண்ணுக்கு வீடு கொடுக்காதவர்கள் என்று ஊர் பேசாதா?" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொந்த வீட்டில் இருக்கும் பெண்ணை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. நம் முன்னோர் அந்தப் பாதுகாப்புக்காகத்தான் அவ்வழக்கத்தை வைத்தார்கள். அந்தப் பாதுகாப்பு இன்று செங்கல்லில் இருக்கிறதா, கைத்தொழிலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அஸ்திவாரம் அப்படியே கிடக்கிறது. தொகை மகள் பெயரில் இருக்கிறது. முடிவை அவளிடம் விட்டிருக்கிறேன். என் மனைவியிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சகோதரர்களே! இந்த வழிதான் சரி என்று நான் சொல்லவில்லை. ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தாத நிலையில் விட்டுச் செல்வதே மேல் என்று அறிவுறுத்தினார்கள். ஆகவே பிள்ளைக்குக் கொடுப்பது தர்மத்திலும் குறைந்ததல்ல. தாராளமாகக் கொடுங்கள். சக்தியில்லையென்றால் கொடுக்காமலும் இருங்கள், அதில் வெட்கமில்லை. எதைச் செய்தாலும் அதற்குப் பெயர் வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியச் செய்யுங்கள்.

நான் கொடுத்த வாக்கில் கடினமானது பணமல்ல. சொல்லிக்காட்ட மாட்டேன் என்றேனே, அதுதான். என் வாப்பாவின் வழக்கம் என் நாக்கிலும் ஊறியிருக்கிறது. இதை எழுதும்போதே அது கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். அந்த வாக்கைக் காப்பாற்ற அல்லாஹ் எனக்குக் கிருபை செய்ய நீங்களும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.

தேக்கா வியாபாரி ஒருவர்